கடல்கட்டியின் வெள்ளி மீன்கள்

அந்த இரண்டு மீன்களும் இன்றைக்கும் எங்கள் கோவிலில், அந்தோனியாருடைய மரச் சுருவத்தின் கழுத்தில்தான் தொங்குகின்றன. நேர்த்திக்காரர் கொண்டுவந்து கட்டிய வெள்ளிக் கண், வெள்ளிக் கால், வெள்ளித் தொட்டில் எல்லாவற்றோடும் சேர்ந்து கிடப்பதால் அவற்றை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. கடற்கரை ஊர்தானே, நல்ல மீன்பாடு கிடைத்த நன்றிக்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். கட்டியவள் நான். நன்றிக்குக் கட்டவில்லை.

என் பெயர் மார்த்தா. தலைமன்னாரில் யாரைக் கேட்டாலும் என் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வழி சொல்வார்கள். என் கணவர் பஸ்ரியன் அதற்கு நேர்மாறு. நாளைக்குப் பத்துச் சொல் அவர் வாயிலிருந்து வந்தால் அன்றைக்குப் பெருநாள். ஆனாலும் சங்கு குளிக்கும் காலத்தில் எங்கள் துறையில் அவரை மிஞ்சிய ஆள் கிடையாது. அவர் கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர்.

அது அவர்களுடைய பரம்பரை வேலை. அந்தக் குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து ஆறேழு தலைமுறை இருக்கும். மந்திரம் அதற்கும் முந்தியது. ஞானஸ்நானத் தண்ணீர் அதைக் கழுவிவிடவில்லை. சங்கெடுக்க மூழ்குகிற குளிகாரரில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள், பாதிப்பேர் இஸ்லாமானவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறவனும் வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகிறவனும் கடலில் இறங்குவதற்கு முதல் என் கணவரிடம்தான் வந்து நிற்பார்கள். காலம் தொடங்கும் நாளில் ஒவ்வொருவர் கையிலும் கறுப்பு நூல் கட்டிவிடுவார். அதன்பிறகு தினமும் தோணிகள் வெளிக்கிடும் நேரம், கரையில் இருக்கிற ஓலைக் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே ஒரு பித்தளைச் சருவம் நிறையக் கடல்தண்ணீர். அதற்குள் விரல் நீளத்தில் இரண்டு வெள்ளி மீன்கள். ஒன்று சுறா, மற்றது மனிதன் என்பார்கள். கடைசித் தோணி திரும்பும்வரை அவர் உண்ணாமல், எச்சில் துப்பாமல் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் நான் தலை சீவக்கூடாது. என்ன மந்திரம் என்று எனக்கும் தெரியாது. அலைச் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது.

மர்சூக் என்று ஒரு குளிகாரன் இருந்தான். முப்பது வயதுகூட ஆகவில்லை. எப்போதும் கடைசி ஆளாகத் தோணி ஏறுவான். ஏறுவதற்கு முதல் கொட்டிலின் மரக்காலில் விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். கட்டியாயிற்றா என்று கேட்கிறான் என்று அர்த்தம். உள்ளேயிருந்து ஒரு தட்டு வரும். கட்டியாயிற்று. அதைக் கேட்ட பிறகுதான் தண்ணீருக்குள் கால் வைப்பான். எங்கள் வீடு கொட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அந்த மூன்று தட்டும் எனக்குக் காலைத் தேத்தண்ணீர் மாதிரிப் பழகிவிட்டது. பத்தொன்பது வருடம் என் கணவர் கட்டிய கடலில் ஒருவனுடைய காலிலும் சுறாப்பல் பட்டதில்லை.

சுதந்திரம் கிடைத்து ஆறாவது வருடம், உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்தின தபசு காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தியானச் சுவாமியார் வந்தார். மூன்று நாளும் பத்துக் கட்டளையில் முதலாம் கட்டளையைப் பற்றியே பிரசங்கம். ஒரே கடவுள் என்ற எண்ணம் மனிதனுக்கு எங்கே பிறந்தது என்று கதையாகச் சொன்னார். ஆபிரகாமுடைய ஊரில் நிலவுக்கு ஒரு தெய்வம், வெள்ளத்துக்கு ஒரு தெய்வம், விளைச்சலுக்கு ஒரு தெய்வம். வீட்டுக்கு வீடு பொம்மை. அவ்வளவையும் விட்டுவிட்டு, முகம் தெரியாத ஒருவருடைய குரலை மட்டும் நம்பி ஒரு மனிதன் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டான். எங்கள் விசுவாசம் துவங்கியது அந்த இடத்தில்தான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பழைய தெய்வத்தைச் சீலையில் முடிந்து மூட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனவன் ஆபிரகாம் அல்ல."

எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் சிவப்புச் சீலை முடிச்சு ஒன்று இருந்தது. அதற்குள் அவர் காலையில் கொட்டிலுக்குக் கொண்டுபோகிற அந்த மீன்கள். என் மாமனார் பாரிசவாதத்தில் வாய் இழுத்து எட்டு மாதம் கிடந்தபோதும் அந்த முடிச்சைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தாராம். ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று இவ்வளவு காலமும் சீவித்திருக்கிறோமே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அன்றிரவு சோறு போடும்போதே தொடங்கினேன்.

"பூசையும் காணுறியள், மீனையும் வைச்சுக்கொண்டு இருக்கிறியள். ரெண்டில எது உங்களுக்கு உண்மை?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"விட்டிடுங்கோவன் அந்த வேலையை."

"விட்டால் ஆர் கடலுக்குப் போவினம்?" என்றார். அதோடு அன்றைய பத்துச் சொல்லில் பாதி முடிந்துவிட்டது.

இப்போது யோசித்தால் தெரிகிறது. ஆபிரகாமுக்குக் கடல் இல்லை. ஆடு மேய்த்தவர், மணலில் நின்று வானத்தைப் பார்த்தவர். காற்றுக்கு ஒன்று, நீரோட்டத்துக்கு ஒன்று, சுறாவுக்கு ஒன்று என்று பயப்படுகிற தொழில் அவருக்கு இருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த அறிவெல்லாம் வரவில்லை. பிடித்தால் பிடிதான். அடுத்தநாள் பின்னேரம் அவர் கரைக்குப் போன நேரம் பார்த்து அலுமாரியைத் திறந்தேன். மீன்களை எடுத்துவிட்டு, கைக்கு நிறை வித்தியாசம் தெரியாமல் இருக்க வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள் இரண்டை அந்தச் சீலைக்குள் வைத்து முடிந்தேன். மீன்களைக் கொண்டுபோய் அந்தோனியாருக்குக் கட்டினேன்.

என் கணக்கு இதுதான். மனுசன் முடிச்சைக் கொட்டிலுக்குள் போய்த்தான் அவிழ்ப்பார். அப்போது தோணிகள் வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும், மீனைத் தேடி வீட்டுக்கு ஓட நேரம் இருக்காது. வெறுஞ் சருவத்துக்கு முன்னால் தனியே இருக்கும்போது, வேறு வழியில்லாமல், அன்று ஒருநாளாவது சர்வேசுரனை மட்டும் நம்பித்தான் ஆகவேண்டும். தோணிகள் பத்திரமாகத் திரும்பிவிடும். மீன் வேண்டியதில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும். எவ்வளவு நல்ல யோசனை என்று எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

காலையில் இரண்டு தட்டுக் கேட்டது. ஒரு தட்டுப் பதில் கேட்டது. நான் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு செபமாலை சொன்னேன். வெயில் ஏறுவதற்குள்ளேயே ஒரு தோணி பாயைச் சுருட்டாமல் கரைக்கு ஓடி வந்தது. மர்சூக்கைப் பாய்த்துணியில் தூக்கிக்கொண்டு வந்து மணலில் கிடத்தினார்கள். தொடையிலிருந்து கீழே பார்க்க முடியாது. லொறி பிடித்து மன்னாருக்குக் கொண்டுபோக ஆள் ஓடியது. லொறி வருவதற்கு முதல் அவன் முடிந்துவிட்டான். அவனுடைய வாய் கடைசிவரை அசைந்துகொண்டிருந்தது. கலிமா சொல்கிறான் என்றார்கள்.

கொட்டில் கதவு திறந்தது. என் கணவர் வெளியே வந்து நின்று பார்த்தார். அவருடைய கையில் சிவப்புச் சீலை இருந்தது. என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு மட்டுமல்ல, அதன்பிறகும் கேட்கவில்லை. அவர் ஒரு சொல் ஏசியிருந்தால், கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஆண்கள் பக்கத்தில் அவர் முழந்தாளிட்டு அந்தோனியாரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கண் மீன்களில் நிற்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிடுவார்.

குளிகாரர் மூன்று நாள் கரையில் இருந்தார்கள். நாலாம் நாள் எங்கள் வீட்டுப் படலையடியில் வந்து நின்று, இன்னும் இறுக்கிக் கட்டச் சொல்லிக் கேட்டார்கள். பசி அப்படி. அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார். சருவம் வெறும் தண்ணீரோடு இருப்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். மிச்சக் காலம் முழுவதும் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. மீன் இல்லாமல் மற்ற எல்லோரும் தப்பலாம் என்றால் அவன் மட்டும் ஏன் போனான் என்ற கேள்விதான் பெரிதாகியது. சுறாவைத் திட்டலாம். ஆனால் எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

பிறகு தட்டு வரத் தொடங்கியது.

காலையில் தோணி வெளிக்கிடும் நேரம், நல்ல வெளிச்சத்தில், நான் அடுப்படியில் இருக்கும்போது எங்கள் கதவு நிலையில் இரண்டு தட்டு. போய்ப் பார்த்தால் முற்றத்தில் ஒரு கழுதை நிற்கும், அல்லது அதுவும் இருக்காது. முதலில் என் காதைச் சந்தேகித்தேன். தீர்த்தம் தெளித்துப் பார்த்தேன். அது நிற்கவில்லை. பயமுறுத்துகிற தட்டு இல்லை அது. பதிலுக்குக் காத்துநிற்கிற தட்டு. அதுதான் என்னைத் தின்றது.

காலம் முடிந்து, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பிறந்து, தோணிகளையெல்லாம் கரையேற்றினார்கள். கடலில் ஒருவரும் இல்லை. என் கணவர் மட்டும் ஒவ்வொரு காலையும் கொட்டிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம்வரை இருந்தார். மனுசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் சொல்லியது. என்னால்தான் என்று நான் எனக்குள் சொன்னேன்.

தாங்க முடியாமல் ஒருநாள் மர்சூக்குடைய பெண்சாதியிடம் போனேன். சபூரா என்று பெயர், இருபத்துநாலு வயது. இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் புருசனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது, பிற ஆண் முகம் பார்க்கக் கூடாது. உள்ளறையில் திரைச்சீலை கட்டி, வெள்ளைச் சீலையோடு பாயில் இருந்தாள். மடியில் ஒரு குழந்தை. நடந்ததைச் சொல்லி அவள் காலில் விழுவதற்காகத்தான் நான் போனது. ஆனால் நான் வாய் திறப்பதற்கு முதல் அவள் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, நீங்கள் வருவீங்கள் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான். கடல்கட்டியிட்ட எனக்காக ஒண்டு கேக்கவேணும்."

"என்ன பிள்ளை?"

"பஸ்ரியன் அண்ணன் இவருக்குக் கட்டின நூலை நான்தான் வெட்டினனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். அந்த மாதம் அவர்களுடைய பள்ளிக்கு ஒரு மவுலவி வந்தாராம். பெண்களுக்குத் திரைக்கு அந்தப்பக்கம் இருந்து பயான் சொன்னாராம்.

"இபுறாகீம் நபி நட்சத்திரத்தைப் பாத்து இதுதான் என்ர இறைவன் எண்டாராம். அது மறைஞ்சு போச்சு. சந்திரனைப் பாத்தாராம், அதுவும் மறைஞ்சுது. சூரியனும் மறைஞ்சுது. மறையிற ஒண்டையும் நான் கும்பிடமாட்டன் எண்டாராம். அண்டைக்குத்தான் ஒருத்தன் எண்டுறது மனிசருக்கு விளங்கினது. நூலை நம்புறது அந்த ஒருத்தனுக்கு இணை வைக்கிறது எண்டு மவுலவி சொன்னவர். இவர் நல்ல நித்திரை. கத்தரிக்கோலால மெல்ல வெட்டிப்போட்டன். காலையில தேடினார். எங்கயோ அறுந்து விழுந்திட்டுது எண்டு சொன்னனான். தட்டுக்கு மறுமொழி வந்தால் காணும் எண்டு அப்பிடியே போனவர். மூண்டாம் நாள் மௌத்தாப் போனார்."

அவள் அழவில்லை. அழுது முடித்த முகம் அது.

"அல்லா ஒருத்தன் எண்டால் நூல் ஒண்டுமில்லை. நூல் ஏதோ செய்யும் எண்டால் நான்தான் என்ர பிள்ளையின்ர வாப்பாவைக் கொண்டனான். எது எண்டு பஸ்ரியன் அண்ணனுக்குத் தெரியும். கேட்டுச் சொல்லுங்கோ அக்கா. இத்தா முடிஞ்சு நான் வெளிய போகமுதல் எனக்குத் தெரியவேணும்."

ஊர் முழுக்க நீளுகிற என் நாக்கு அப்போது அசையவில்லை. ஆபிரகாம் என்றும் இபுறாகீம் என்றும் ஒரே கிழவனுடைய கதையைக் கேட்டுவிட்டு, ஒரே கிழமையில், இரண்டு பெண்சாதிமார் இரண்டு வீட்டில் ஒரே வேலையைச் செய்திருக்கிறோம். நான் சொல்லியிருந்தால் அவள் மனப்பாரம் என் தலைக்கு மாறியிருக்கும். சொல்லத்தான் போனேன். "கேட்டுக்கொண்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அடுத்தநாள் காலை கொட்டிலுக்குப் போனேன். கலியாணம் முடித்துப் பதினாலு வருடத்தில் அதற்குள் நான் கால் வைத்ததில்லை. கதவைத் தள்ளினேன். அவர் சருவத்துக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். தண்ணீர் அசையாமல் இருந்தது. நான் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவாமியாருடைய பிரசங்கம், ஈயக்குண்டு, அந்தோனியார், சபூராவின் கத்தரிக்கோல். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டேன்.

"சொல்லுங்கோ. நூலோ, மீனோ? அவளோ, நானோ?"

அவர் சருவத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு அவருடைய வாழ்நாளில் நான் கேட்ட நீளமான பேச்சைப் பேசினார்.

"அப்பு எனக்கு மந்திரம் சொல்லித்தரேல்லை, மார்த்தா. சாகிற நேரம்தான் மகனுக்குச் சொல்லவேணும் எண்டு வைச்சிருந்தவர். அதுக்கு முதல் வாய் இழுத்துப்போட்டுது. எட்டு மாதம் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு எதையோ சொல்லப் பாத்தார். ஒரு எழுத்து விளங்கேல்லை. அவரை அடக்கம் பண்ணி அடுத்த கிழமை தோணிக்காரர் வந்து நிண்டினம். எனக்குத் தெரியாது எண்டால் ஒருத்தரும் இறங்காயினம். எல்லா வீட்டிலயும் பட்டினி. மீனைத் தண்ணிக்குள்ள போட்டிட்டு இருந்தன். எனக்குத் தெரிஞ்சது சின்னனில படிச்ச விசுவாச மந்திரம் மட்டும்தான். பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த எல்லாம் வல்ல பிதாவாகிய சர்வேசுரனை விசுவசிக்கிறேன். அதைத்தான் சொன்னன். பத்தொன்பது வருசமும் அதைத்தான் சொன்னன்."

அவர் கொட்டிலின் மரக்காலைக் காட்டினார்.

"அவன் ரெண்டு தட்டுத் தட்டுறபோது ஒவ்வொரு நாளும் நெஞ்சு பதறும். கட்டியாச்சோ எண்டு கேக்கிறான். நான் எங்க கட்டுறது? ஒருத்தரிட்டக் கேட்டுப்போட்டு இருக்கிறன், அவ்வளவுதான். எண்டாலும் ஒரு தட்டுத் தட்டுவன்."

"அண்டைக்கு?"

"அண்டைக்கும் கேட்டனான். சீலையை அவிழ்த்து ஈயத்தைக் கண்டோடன, மற்ற நாளையெல்லாம் விட உருக்கமாய்க் கேட்டனான்."

என் பாவம் என் மேலிருந்து இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் அதைவிடப் பெரிய பாரம் ஒன்று வந்து குந்தியது. நான் மீனை எடுத்தது ஒன்றையும் மாற்றவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கொட்டிலில் அவர் அந்த ஒரு சர்வேசுரனிடம்தான் கேட்டிருக்கிறார். பத்தொன்பது வருடம் கொடுத்தவர் அன்றைக்குக் கொடுக்கவில்லை. பழி போட மீன் இல்லை, நூல் இல்லை, மந்திரத்தில் பிழை இல்லை. பல தெய்வம் இருந்தால் ஒன்று கோபித்தது, மற்றது தூங்கியது என்று சொல்லி மனதை ஆற்றலாம். ஒரே கடவுளை வைத்திருக்கிறவனுக்கு அந்தச் சாட்டும் இல்லை என்பதை எந்தச் சுவாமியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"அப்ப ஏன் அண்டைக்கு மட்டும்?" என்று கேட்டேன்.

"அதைக் கேக்கத்தான் ஒவ்வொரு நாளும் வந்து இருக்கிறன்," என்றார். "வேற ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அப்போது கொட்டிலின் மரக்காலில் இரண்டு தட்டுக் கேட்டது. வெளியே காற்று மட்டும்தான். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"உனக்கும் அந்தத் தட்டுக் கேக்கிறதோ?" என்றார்.

"ஓம். தினமும்."

அவருடைய கை மரக்காலை நோக்கி எழுந்தது. தொடாமல் திரும்பி மடியில் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெயில் உச்சிக்கு வரும்வரை இருந்தோம்.

பின்னேரம் சபூராவிடம் போனேன். இந்தமுறை ஒன்றையும் மறைக்கவில்லை. மீனையும் சொன்னேன், ஈயத்தையும் சொன்னேன், வாய் இழுத்துச் செத்த கிழவரையும், அவர் மகன் பத்தொன்பது வருடம் சொன்ன செபத்தையும் சொன்னேன். மீனைப் பற்றிச் சொல்லும்போது அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"அப்ப நூலும் இல்லை, மீனும் இல்லை."

"இல்லைப் பிள்ளை."

"அந்த ஒருத்தனிட்டத்தான் கேட்டிருக்கு. அண்டைக்கும்."

"ஓம்."

பள்ளியில் பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். நான் எழுந்து திரைச்சீலையை விலக்கும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"பஸ்ரியன் அண்ணன் இன்னும் போய் இருந்து கேக்கிறாரோ?"

"தினமும் போறார்."

"மறுமொழி வந்தால் எனக்கும் சொல்லச் சொல்லுங்கோ அக்கா," என்றாள்.